கேட்பவர் நிற்கும் இடம்

பாஸ்டன் நகரின் நார்த் எண்ட் பகுதி. 1930களின் பிற்பகுதி. சூதாட்டத் தொழிலில் ஊறிய ஒருவர் தன் அனுபவங்களைச் சரளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்து அந்த இத்தாலியக் குடியிருப்பில் தங்கியிருந்த வில்லியம் ஃபூட் வைட் என்ற இளைஞர் இடையில் புகுந்தார். போலீஸ்காரர்களுக்கெல்லாம் மாமூல் போயிருக்குமே என்று கேட்டார். பேசிக்கொண்டிருந்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் வைட்டின் நண்பரும் வழிகாட்டியுமான உள்ளூர்க்காரர் ஒருவர், நூலில் 'டாக்' என்ற புனைபெயரில் வருபவர், அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். யார், எதற்கு, எப்போது, எங்கே என்று துளைக்க வேண்டாம், கூடவே இருந்தால் போதும், பதில்கள் தாமாக வந்து சேரும் என்பது அவர் அறிவுரையின் சாரம். வைட் கேட்டுக்கொண்டார். 1943இல் வெளிவந்த அவருடைய 'ஸ்ட்ரீட் கார்னர் சொசைட்டி' இன்றும் சமூகவியல் மாணவர்களின் பாடநூல். இந்தச் சம்பவத்தை அவரே 1955 பதிப்பின் பின்னிணைப்பில் எழுதினார். கள ஆய்வுக்குக் கிளம்பும் மாணவர் முதலில் படிக்க வேண்டியது நூலை விட அந்தப் பின்னிணைப்பைத்தான்.

கேள்வியில் குற்றம் இல்லை. போலீசுக்கும் சூதாட்டத்துக்கும் இருந்த உறவு அந்த ஆய்வின் முக்கியமான பகுதி. கேட்ட நேரம்தான் சரியில்லை, கேட்டவரும் அந்தக் கூட்டத்துக்கு இன்னும் அந்நியர். 'தரவு சேகரித்தல்' என்றதும் ஊரில் ஏற்கெனவே கிடக்கும் ஒன்றை அள்ளிக்கொண்டு வரப்போவதாகப் பல மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். எத்தனை ஏக்கர், எத்தனை மாடு என்று எண்ணும் கணக்கெடுப்புக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஒருவர் தன் கடனை, நோயை, மாமியாரை, மேல்தெருக்காரரைப் பற்றிச் சொல்வது எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. ஆகவே இந்த அத்தியாயம் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றைத்தான்: பதிலை எழுதும்போது, அது எங்கே, யார் காதில் விழும்படி, எந்தக் கேள்விக்குப் பிறகு, கேட்டவரை யாரென்று நினைத்துச் சொல்லப்பட்டது என்பதையும் எழுத வேண்டும். இது விட்டுப்போன குறிப்பை ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் எழுதியவருக்கே அதன் எடை தெரியாது.

ஊருக்குள் நுழைதல்

1958 ஏப்ரலில் மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸும் அவர் மனைவி ஹில்ட்ரெடும் பாலித் தீவில் ஒரு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை, திட்டவில்லை, எதிரே ஆள் நிற்பதே தெரியாததுபோல் கடந்து போனார்கள். பத்து நாள் கழிந்தது. பள்ளிக்கூடம் கட்டப் பணம் திரட்டுவதற்காக, சட்டம் தடை செய்திருந்த சேவல் சண்டையை ஊர்ச் சதுக்கத்தில் நடத்தினார்கள். நடுவில் ஒரு லாரி நிறையப் போலீஸ் வந்து இறங்கியது. ஊரே ஓட்டம் பிடித்தது. கீர்ட்ஸ் தம்பதியும் ஓடினார்கள். முன்னால் ஓடிய ஒருவர் தன் வீட்டு வளாகத்துக்குள் நுழைய, அவர் பின்னாலேயே இவர்களும் நுழைந்தார்கள். அந்த வீட்டு அம்மா சட்டென்று ஒரு மேசையைப் போட்டு, விரிப்பு விரித்து, மூன்று நாற்காலியும் மூன்று கோப்பைத் தேநீரும் எடுத்து வைத்தார். மூவரும் ஒன்றும் நடக்காததுபோல் குடிக்கத் தொடங்கினார்கள். போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது, இவர்கள் யார், எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அந்த வீட்டுக்காரர் விரிவாக எடுத்துச் சொன்னார். மறுநாள் முதல் ஊர் அவர்களிடம் பேசத் தொடங்கியது.

வெளிநாட்டுப் பேராசிரியர்கள் என்று காகிதத்தைக் காட்டிவிட்டு அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றிருக்கலாம். ஊரோடு ஓடினார்கள். ஊர் அதைப் பார்த்தது.

நம் ஊர்களில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. கல்லூரிக் கடிதத்தோடு கிராம நிர்வாக அலுவலரையோ ஊராட்சித் தலைவரையோ பார்க்கும் மாணவர், அவர் அனுப்பிவைக்கும் ஆளோடு தெருத்தெருவாகப் போகிறார். அரசாங்கத்திலிருந்து ஏதோ பட்டியல் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று மக்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். வருமானம் குறைகிறது, பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்குப் போகிறார்கள், வெளியூரில் இருக்கும் மகன் தனிக்குடித்தனம் ஆகிவிடுகிறார். இதைப் பொய் என்று எழுதிவிடுவது அநியாயம். பட்டியலில் பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று அறிந்தவர்கள், தங்களுக்குப் புரிந்த கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொல்கிறார்கள். அனுமதிக்காகத் தலைவரைப் பார்க்கத்தான் வேண்டும். அவர் ஆளோடு வீடுவீடாகப் போவதைத் தவிர்த்துவிடலாம்.

எங்கே தங்குவது என்பதும் சாதாரண விஷயம் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சை மாவட்டத்தில் 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயரிட்ட ஊரில் ஆய்வு செய்தார். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். 1965இல் வெளிவந்த 'காஸ்ட், கிளாஸ் அண்ட் பவர்' நூலிலேயே இதன் விளைவைச் சொல்லிவிடுகிறார்: ஊரார் அவரைப் பிராமணர்களோடு சேர்த்தே பார்த்தார்கள், ஆதிதிராவிடர் தெருக்களுக்கு இயல்பாகப் போய்வர அவருக்கு வழியிருக்கவில்லை, பிராமணர்களைப் பற்றிக் கிடைத்த தரவின் தரம் மற்றவர்களைப் பற்றிக் கிடைத்ததில் இல்லை. நூலின் மதிப்பு இதனால் குறையவில்லை. எந்தப் பக்கத்தை எவ்வளவு நம்பலாம் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடுவதால் கூடத்தான் செய்கிறது. ஒவ்வொரு கள ஆய்வாளரும் தன் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டிய வாக்குமூலம் இது.

முதல் வாரம் ஒலிப்பதிவுக் கருவியைப் பையிலேயே வைத்துவிட்டு நடக்கலாம். தண்ணீர்க் குழாயடி, டீக்கடை, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம் என்று ஊர் கூடும் இடங்களில், எந்த நேரத்தில் யார் இருக்கிறார்கள், யார் வருவதே இல்லை என்று பார்க்கலாம். ஊரின் கடைசித் தெருவுக்கு முதலில் போவது நல்லது. முதலில் நுழைந்த தெருவின் ஆளாகவே ஆய்வாளர் கடைசிவரை எண்ணப்படுவார். ஊர் வரைபடத்தைத் தானே வரையாமல் மக்களை வரையச் சொல்லும் முறையும் உண்டு. ராபர்ட் சேம்பர்ஸ் உலகெங்கும் எடுத்துச் சென்ற பங்கேற்பு ஊரக மதிப்பீட்டு முறை, 1980களின் இறுதியில் இந்தியாவில் மைராடா போன்ற தொண்டு நிறுவனங்களின் களப்பணியில் வளர்ந்தது. தரையில் கோலப்பொடியால் தெருக்களைப் போட்டு, வீட்டுக்கு ஒரு விதையோ கல்லோ வைத்துக்கொண்டு போகும்போது, எந்த வீடு விட்டுப்போகிறது, யார் கையிலிருந்து பொடியை யார் பிடுங்குகிறார் என்பதெல்லாம் ஆய்வாளர் கண்ணெதிரே நடக்கும்.

கேள்வி கேட்பது

நேர்காணலில் தோற்றுப்போகும் கேள்விகளில் பெரும்பாலானவை கருத்துக் கேட்பவை. பயிற்சிக்காக ஒரு கற்பனை உரையாடலை எடுத்துக்கொள்வோம். மகளிர் குழுக்களுக்கு வாரத் தவணையில் தரப்படும் நுண்கடனைப் பற்றி ஆராயும் மாணவர், நாற்பது வயதுப் பெண்மணியிடம் பேசுகிறார்.

“குழுக் கடன் உங்களுக்கு உதவியா இருக்காக்கா?”

“இருக்கு தம்பி. அது இல்லேன்னா எங்களுக்கு யாரு குடுப்பா?”

பேச்சு முடிந்தது. அதே மாணவர் வேறு விதமாகத் தொடங்கினால்:

“போன தடவ தவணை கட்டுனீங்கல்லக்கா, அன்னிக்குக் காலையில இருந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்களேன்.”

“செவ்வாக்கெழம. ஏழரைக்கெல்லாம் சார் வந்துருவாரு. கோயில் திண்ணையில உக்காருவோம். அன்னிக்கு எங்கிட்ட முந்நூறு கொறஞ்சுது. ஒருத்தி கட்டலேன்னா ஒருத்தரும் எந்திரிக்க முடியாது. எல்லாரும் என்னையே பாக்குறாங்க. எதுத்த வீட்டு அக்காகிட்ட கைமாத்து வாங்கிக் கட்டிட்டேன். அதுக்கு முந்துன மாசந்தான் தோட்டைக் கொண்டுபோய் வெச்சது...”

உதவியா என்ற கேள்விக்கு 'ஆமாம்' சொன்னவரேதான் இவர். இரண்டு பதிலும் உண்மை. இரண்டாவதில், ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், குழுவின் பார்வை தரும் நெருக்கடி, கணக்கில் ஏறாத கைமாற்று, அடகு என்று நான்கு செய்திகள் ஒரே மூச்சில் வந்துவிட்டன. நடந்ததைக் கேட்டால் நினைவு பேசும்; கருத்தைக் கேட்டால் மரியாதைதான் பேசும். அடுத்த கேள்வி அவர் சொல்லிலிருந்தே பிறக்க வேண்டும்: “அந்தக் கைமாத்த எப்பத் திருப்பிக் குடுத்தீங்க?” இந்த இடத்தில் 'இரண்டாம் நிலைக் கடன்' என்று ஆய்வு நூலின் மொழியில் கேட்டால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். “ஏன் வாங்குனீங்க?” என்பதும் வேண்டாம். தமிழில் 'ஏன்' என்று கேட்டாலே பாதி கண்டிப்பதுபோல் ஒலிக்கிறது. “எப்படி வாங்கும்படி ஆச்சு?” என்றால் அவர் கதையைத் தொடர்வார்.

தோட்டைப் பற்றிச் சொல்லும்போது அவர் கை காதுக்குப் போகிறது. துளை தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருக்கிறார். எந்த ஒலிப்பதிவிலும் இது வராது. பார்த்தவர் அன்றைக்கே எழுதினால்தான் உண்டு.

பேசாமல் இருக்கவும் பழக வேண்டும். பதில் நின்றதும் அடுத்த கேள்விக்குத் தாவும் பழக்கம் புதியவர்களிடம் நிறைய இருக்கிறது. சில விநாடிகள் காத்திருந்தால் சொல்பவர் தானே தொடர்வதை அனுபவசாலிகள் அறிவார்கள். சில வாழ்க்கைகளுக்கு ஆண்டுக்கணக்கிலும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. புதுச்சேரி அருகே ஒரு சிற்றூரில் கூலி வேலை செய்தும், பேறுகாலம் பார்த்தும், பாட்டுப் பாடியும் வாழ்ந்த விராம்மாவின் கதையை ஜோசியான் ராசின் தமிழிலேயே பேசி, ஏறக்குறைய பத்து ஆண்டுகள் பதிவு செய்தார். கணவர் ழான்-லுக் ராசினோடு சேர்ந்து அவர் உருவாக்கிய நூல் 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் வந்தது. பிரசவம், சாவு, பேய், ஆண்டை வீடு, கட்சி என்று அதில் வருபவற்றை ஒரு மணி நேர நேர்காணலில் யாராலும் வாங்கியிருக்க முடியாது.

கூட்டமாகப் பேசும்போது

குவியக் குழு என்று இன்று எல்லா நிறுவனங்களும் நடத்தும் முறைக்கு ஒரு நல்ல தொடக்கக் கதை இருக்கிறது. 1941இல் நியூயார்க்கில் பால் லாசர்ஸ்ஃபெல்டின் குழு வானொலி நிகழ்ச்சிகளைச் சோதித்துக்கொண்டிருந்தது. பிடித்தால் பச்சைப் பொத்தான், பிடிக்காவிட்டால் சிவப்புப் பொத்தான். எந்த நொடியில் பிடிக்கவில்லை என்று பொத்தான் காட்டியது, காரணம் அதில் இல்லை. காரணம் கேட்ட உதவியாளரோ பதிலைத் தானே ஊட்டும்படி கேட்டுக்கொண்டிருந்தார். அதைக் கவனித்துச் சொன்ன ராபர்ட் மெர்ட்டனையே லாசர்ஸ்ஃபெல்ட் கேட்கச் சொன்னார். அதிலிருந்து குவிய நேர்காணல் முறை உருவானது.

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் இரண்டு பேர்தான் பேசுவார்கள். யாரை யாரோடு உட்கார வைப்பது என்பதில்தான் முழுக் கவனமும் வேண்டும். மாமியாரும் மருமகளும், நிலம் வைத்திருப்பவரும் அந்த நிலத்தில் வேலை செய்பவரும், மேற்பார்வையாளரும் தொழிலாளியும் ஒரே வட்டத்தில் இருந்தால் ஒரு தரப்பின் பேச்சுதான் பதிவாகும். கூடும் இடத்தையும் பார்க்க வேண்டும். கோயில் மண்டபமும் சமுதாயக் கூடமும் எல்லாருக்கும் திறந்திருப்பதாக வெளியூர்க்காரருக்குத் தோன்றும். சில தெருக்காரர்கள் அங்கே படியேற மாட்டார்கள். குழுவில் வாயே திறக்காதவரை மறுநாள் தனியாகப் பார்த்துவிட்டு வருவது, குழுப் பேச்சை விடவும் பலமுறை பயன்பட்டிருக்கிறது.

பதிவும் குறிப்பும்

கருவியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு கருவிகளில் பதிவு செய்ய வேண்டும். கைபேசியில் பதிந்தால் அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் போட வேண்டும். மேலே ஓடும் மின்விசிறி, பக்கத்து வீட்டு மிக்ஸி, வாசலில் போகும் டிராக்டர் ஆகியவற்றைப் பதிவைத் தொடங்குவதற்கு முன்பே காது கொடுத்துக் கேட்டுவிட வேண்டும். தொடக்கத்தில் தேதி, இடம், உடனிருப்பவர்கள் ஆகியவற்றை ஆய்வாளரே குரலில் சொல்லிப் பதிந்துகொள்வது பின்னால் பெரிய குழப்பத்தைத் தவிர்க்கும்.

குறிப்பு அப்படியில்லை, அதற்கு உழைப்பு வேண்டும். களத்தில் கிறுக்கிய சொற்களை அன்று இரவே விரித்து எழுத வேண்டும். தூங்கி எழுந்தால் பாதி போய்விடும். பார்த்ததும் கேட்டதும் ஒரு பக்கம், அதைப் பற்றி ஆய்வாளர் நினைத்தது இன்னொரு பக்கம் என்று பிரித்து எழுதினால் பிறகு சண்டை வராது. 'அவர் வறுமையால் வெட்கப்பட்டார்' என்பது நினைத்தது. 'தோட்டைப் பற்றிச் சொன்னபோது காதைத் தொட்டார், குரல் தாழ்ந்தது, மகள் உள்ளே போனாள்' என்பது பார்த்தது. வெட்கம் என்ற முடிவு தவறாகக்கூட இருக்கலாம். மகளுக்குத் தெரியக்கூடாத அடகாக இருந்திருக்கலாம். பார்த்ததை அப்படியே எழுதியிருந்தால் முடிவை மாற்றிக்கொள்ள வழியிருக்கும்.

கருவியை அணைத்த பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது, வாசலில் வரும் பேச்சு பலசமயம் மிக முக்கியமானது. அதைப் பயன்படுத்தலாமா என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். இந்த வேலையைக் கூலிக்குக் கொடுத்தால் பேச்சுத் தமிழ் எழுத்துத் தமிழாகித் திரும்பி வரும். தயக்கமும் சிரிப்பும் இழுவையும் காணாமல் போயிருக்கும். முதல் சில பேச்சுகளையாவது ஆய்வாளரே எழுதினால், தான் எங்கே குறுக்கிட்டோம், எங்கே பதிலை ஊட்டினோம் என்பது காதில் அறையும்.

எத்தனை பேர், எந்த ஒப்புதல்

ஆய்வு நெறியாளரிடம் மாணவர் முதலில் கேட்பது எத்தனை நேர்காணல் வேண்டும் என்பதைத்தான். கிரெக் கெஸ்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை வரிசையாக ஆராய்ந்ததில், முதல் 12க்குள்ளேயே புதிய கருத்துகள் வருவது பெரும்பாலும் நின்றுவிட்டது. இந்தப் பன்னிரண்டைப் பலர் விதியாகவே பிடித்துக்கொண்டார்கள். ஓரளவு ஒரே வகையான பெண்களிடம், ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்ட ஆய்வு அது. நான்கு தெருக்களும் இரண்டு மதங்களும் உள்ள ஊருக்கு அது பொருந்தாது. எண்ணிக்கையை விட, யாரைப் பார்க்கவில்லை என்ற பட்டியல் பயன்படும். கடன் வாங்கியவர்களை மட்டுமே பார்த்தவர், தவணை கட்ட முடியாமல் குழுவை விட்டு விலகியவரைத் தேடிப் போகாவிட்டால் பாதி ஊரைத்தான் பார்த்திருக்கிறார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகளில் நலவாழ்வு தொடர்பான சமூக, நடத்தை அறிவியல் ஆய்வுகளுக்கும் இடமுண்டு. நெறிமுறைக் குழுவின் அனுமதி, பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கம், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை ஆகியவற்றை அவை கேட்கின்றன. கையெழுத்தில்தான் சிக்கல். நிலத்துக்கும் கடனுக்கும் கைநாட்டு வைத்து இழந்தவர்கள் இருக்கும் ஊரில் தாளை நீட்டியதும் முகம் மாறும். வாய்மொழி ஒப்புதலை ஒலியில் பதிவு செய்ய நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு வைப்பது இருவருக்கும் நல்லது. பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது. 'ஊராட்சித் தலைவர், பெண், 45 வயது, முன்னாள் சத்துணவு அமைப்பாளர்' என்று எழுதினால் அந்த ஒன்றியமே அவரைக் கண்டுபிடித்துவிடும். பேசியவருக்கு வரும் கேடு ஆய்வாளர் பட்டம் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் வரும் என்பதால் இதில் சோம்பல் கூடவே கூடாது.

பத்திரம்

எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூருக்கு அருகில் 'ராம்புரா' என்று அவர் பெயரிட்ட ஊரில் தங்கி ஆய்வு செய்தார். அந்தக் குறிப்புகளைப் பல ஆண்டுகள் உழைத்து வகைப்படுத்தி மூன்று பிரதிகள் வைத்திருந்தார். 1970 ஏப்ரல் 24 அன்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அவர் பணியாற்றிக்கொண்டிருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். மூன்று பிரதிகளும் ஒரே அறையில் இருந்தன. நினைவிலிருந்தே எழுதலாமே என்று மானிடவியலாளர் சோல் டாக்ஸ் ஊக்கம் கொடுக்க, சீனிவாஸ் எழுதிய 'தி ரிமெம்பர்டு வில்லேஜ்' 1976இல் வெளிவந்தது. அபாரமான நூல் அது. அந்த ஊரில் வாழ்ந்து பழகிய ஒருவரால் அது முடிந்தது.

ஆகவே மூன்று பிரதி என்றால் மூன்று இடம்: கணினி, தனியான வன்தட்டு, பல்கலைக்கழகச் சேமிப்பு. உண்மைப் பெயரையும் புனைபெயரையும் இணைக்கும் பட்டியல் இவற்றோடு சேரக்கூடாது. கடவுச்சொல் போட்டு வேறிடத்தில் இருக்க வேண்டும்.

தரவை இவ்வளவு அக்கறையாக வைத்திருப்பது யாருக்காக என்று கேட்பவர்களுக்கு விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு ஒரு பதில். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்களைக் கொண்டு ஆய்வு செய்து 1918இல் நூலாக்கிய ஊர்களில் அதுவும் ஒன்று. அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் 1983இல் எழுதினார்கள். ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் 2008 வரையிலான மாற்றங்களை 2010இல் எழுதினார்கள். முன்னவர்கள் எழுதி வைத்ததைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிலமும் கூலியும் சாதி உறவும் எப்படி மாறின என்று பின்னவர்களால் கேட்க முடிந்தது. இன்று களத்திலிருந்து திரும்பும் மாணவரும் தன் கோப்பின் முன்னால் ஒரு பக்கம் சேர்த்துவிடலாம்: எந்த மாதங்களில் ஊரில் இருந்தார், எங்கே தங்கினார், யார் அறிமுகப்படுத்தினார், எந்தத் தெருக்களுக்குப் போகவில்லை, எந்தக் கேள்விகளைப் பாதியில் மாற்றினார், யார் பேச மறுத்தார்கள்.